பெயர் கூப்பிடும் நேரம்

மயூரதிக்கு வயது முப்பத்தாறு. ரொறன்ரோவில் ஒரு கண்ணாடிக் கடையில், ஆட்களின் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுக்கிற வேலை. அவளிடம் எழுத்துப் பழக வந்த பரராஜசிங்கத்துக்கு அறுபத்து மூன்று. பஸ் திருத்துகிற பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்ட பிறகும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு அவரை விடவில்லை.

முதல் நாள் அவளை அவர் "பிள்ளை" என்றார். அடுத்த கிழமை "ரீச்சர்" என்றார். வேண்டாம் அங்கிள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அவர் அவளிடம் முதலில் வந்தது எழுத அல்ல. அவள் தைக்கக் கொடுத்திருந்த ஒரு மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சிவப்புக் கம்பளித் துணி. ஒரு கரை மடித்துத் தைத்து முடிந்திருந்தது. மற்றக் கரையில் ஊசி குத்தியபடியே நின்றது. தைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி புனிதமலர். மாசி மாதத்தில் ஒரு காலை, ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆற முதல், தலைக்குள் இரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

மலர் உடுப்புத் திருத்துகிற கடையொன்றில் இருந்தவர். ஒருநாள் ஒரு பெண் நிலத்தில் இழுபடுகிற பாவாடையொன்றைக் கொண்டுவந்து, கீழ்க் கரையை மடித்துத் தரச் சொன்னாள். இது எந்த நாட்டு உடுப்பு என்று மலர் கேட்டார். நாடு வேறில்லை, காலம்தான் வேறு என்றாள் அவள். எழுநூறு வருடத்துக்கு முந்திய மாதிரியில் தைத்த பாவாடை. அந்தப் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் மலர் அவள் சேர்ந்திருந்த கூட்டத்துக்குள் போனார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கிழமை நாட்களில் கணக்காளர்கள், தாதிமார், லொறி ஓட்டுகிறவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு வாடகை மண்டபத்திலோ வயல்வெளியிலோ கூடுவார்கள். மரவாள் வீசிச் சண்டை பழகுவார்கள். பழைய முறையில் சமைப்பார்கள். தங்களுக்குள் ஒரு ராசாவையும் ராணியையும் தெரிவுசெய்து வைத்திருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் சபை கூடும். யாராவது ஒருவருடைய பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் எழும்பி, மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்துபோய், ராணியின் முன்னால் முழந்தாளிட வேண்டும். அவருக்கு ஒரு பட்டயம் கிடைக்கும். காசு இல்லை, கேடயம் இல்லை. கையால் எழுதி, ஓரத்தில் பூவும் கொடியும் தீட்டி, தங்க ரேக்குப் பதித்த ஒரு தாள். அந்தத் தாளுக்காக, பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஆம்பிளைகள் நின்ற நிலையில் அழுவதை, அதே கூட்டத்தில் இருக்கிற மயூரதி கண்டிருக்கிறாள்.

பரராஜசிங்கத்துக்கு அது பைத்தியக்கூத்து. "வெள்ளைக்காரனுக்கு வேலையில்லை. உனக்குமோ?" என்பார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மலரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். மண்டப வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் வானொலியைப் போட்டுக்கொண்டு இருப்பார். உள்ளே ஒருநாளும் போனதில்லை.

மேலங்கியை வாங்கிய மயூரதி அதை மடிக்காமல் மேசையில் பரப்பி வைத்தாள். ஊசியைத் தொடவில்லை.

"அன்ரிக்கு ஒரு பட்டயம் குடுக்க வேணுமெண்டு ராணி சொல்லியிருந்தவ, அங்கிள். இப்பவும் குடுக்கலாம் எண்டுதான் கதைக்கினம்."

"ஆர் எழுதுறது?"

"நான்தான்."

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே யாருக்கோ எழுதிய பட்டயமொன்று காய்ந்துகொண்டிருந்தது. முதலெழுத்துக்குள் ஒரு சின்னக் குருவி இருந்தது.

"எனக்குப் பழக்குவீங்களோ?"

"எதுக்கு?"

"அவவுக்கு நான் எழுத வேணும்."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு, "சனிக்கிழமை காலமை வாங்கோ" என்றாள்.

தொடக்கத்தில் வெறும் கோடுதான். உளி மாதிரி முனை தட்டையான பேனை. அதைச் சரித்துப் பிடித்தபடி மேலிருந்து கீழே ஒரு கோடு. இடமிருந்து வலம் ஒரு கோடு. பிறகு பாதி வட்டம். இறுகிப்போன ஆணிகளைத் திருகிப் பழகிய கை, தாளைக் கிழித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தாள் எடுத்தார்.

பனி உருகி, வாசல் மரத்தில் தளிர் வந்தது. கோடு எழுத்தாகியது.

"ரீச்சர், மலரின்ர பேரை ஒருக்கா எழுதிப் பாக்கட்டோ?"

"வேண்டாம்."

"ஏன்?"

"இப்ப எழுதினா அந்தப் பேரும் கைக்குப் பழகிப்போயிடும்."

அவர் பேனையைக் கழுவி வைத்தார்.

கோடையில் தங்கம் பதிக்கக் காட்டிக் கொடுத்தாள். சுண்ணமும் பசையும் குழைத்து, எழுத்தின் மேல் மெல்லிய மேடாக வைத்துக் காயவிட வேண்டும். அதன்மேல் தங்க ரேக்கை விரிக்க வேண்டும். ரேக்கு என்றால் தும்மினால் பறந்துபோகிற மெல்லிசான தங்கத் தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு விரித்தார். அழுத்தினார். கையை எடுத்தபோது தங்கமும் கையோடு வந்துவிட்டது. திரும்பவும் விரித்தார். திரும்பவும் வந்துவிட்டது.

"பசை சரியில்லை, ரீச்சர்."

"பசை சரி. நீங்கள் மூச்சை அடக்குறியள்."

"அடக்காட்டி தங்கம் பறந்திடுமே."

அவள் அவருடைய தாளைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, அந்தச் சுண்ண மேட்டின் மேல் வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். குளிர்காலத்தில் கண்ணாடி துடைக்க விடுவார்களே, அப்படி. உடனே ரேக்கை வைத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது.

"காய்ஞ்ச இடத்தில தங்கம் ஒட்டாது. ஈரம் வேணும்."

அவர் முயன்றார். முதல் மூச்சு சரியாக வந்தது. இரண்டாவது மூச்சு விடும்போது அவருடைய தோள் குலுங்கியது. மாசி மாதத்துக்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான். மயூரதி எழும்பி, தேத்தண்ணி போடப் போனாள். திரும்பி வந்தபோது எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிசகியிருந்தது.

"இதைத் திருத்தட்டோ?"

"விடுங்கோ. அது வாங்குறவருக்குத் தெரியாது."

பிறகு உண்மையான பட்டயங்கள் எழுதக் கொடுத்தாள். முதலாவது ஹோவர்ட் என்ற மனிதருக்கு. சண்டை பழகுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். பரராஜசிங்கம் பழைய பட்டயங்களைப் பார்த்து ஒரு வாசகம் எடுத்தார். 'அயராத சேவைக்காக.' ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொண்டுவந்தார்.

மயூரதி வாசித்தாள். தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்கள் அவரைப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இது அவருக்கில்லை."

அடுத்த கூட்டத்துக்கு அவர் போனார். முதன்முறையாகக் காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். வேலியோரம் ஒரு கதிரை போட்டு, ஹோவர்ட் தண்ணீர் கொடுப்பதையே பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னார்:

"ரீச்சர், அந்தாள் வெண்டவனுக்குக் குடுக்கிறதில்லை. முதல் தோத்தவனிட்டத்தான் போறார்."

"அதை எழுதுங்கோ."

எழுதினார். அந்தப் பட்டயத்தை வாங்கிய ஹோவர்ட், சபை நடுவில் நின்று திரும்பத் திரும்ப வாசித்தார். எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. சொல்வது வழக்கமில்லை.

இலைகள் பழுக்கத் தொடங்கின. ஒரு சனிக்கிழமை, மயூரதி அலுமாரியிலிருந்து நல்ல தாளொன்றை எடுத்தாள். ஆட்டுத்தோல் போல் தடிப்பு, மஞ்சள் பாய்ந்த வெள்ளை.

"அன்ரிக்கு எழுதலாம். வாசகத்தை யோசிச்சுக்கொண்டு வாங்கோ. தமிழில எழுதுவம்."

அவர் மறுநாளே வந்துவிட்டார். சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

'தையற்கலையில் வல்லவரும் அன்பே உருவானவருமாகிய திருமதி புனிதமலர் பரராஜசிங்கம் அவர்களுக்கு.'

"இது நினைவுமலரில போடுற வசனம், அங்கிள்."

"உண்மைதானே, ரீச்சர்."

"ஓம், உண்மை. ஆரின்ர பேரைப் போட்டாலும் உண்மை." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்ரி அங்க என்ன செய்தவ? நீங்கள் என்ன பாத்தனீங்கள்?"

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிசி. எந்தக் காலில் நகம் உள்ளே வளரும் என்று தெரியும். எந்தப் பாட்டுக்கு வானொலியைக் கூட்டச் சொல்லுவார் என்று தெரியும். அந்த மண்டபத்துக்குள் மலர் என்ன செய்தார் என்று தெரியாது.

"நான் உள்ளுக்குப் போகேல்லை" என்றார்.

"தெரியும்."

அவர் போய்க் காரில் ஏறினார். சாவியைத் திருப்பவில்லை. பக்கத்து ஆசனத்தைப் பார்த்தபடி இருந்தார். ஆசனத்துணியில், மடிப்புக்குள், இருக்கைப் பட்டி பூட்டுகிற இடத்தில் எல்லாம் நூல்துண்டுகள். நீலம், பச்சை, காவி, சிவப்பு. ஒவ்வொரு முறையும் மலர் உடம்பெல்லாம் நூலோடு வந்து ஏறுவார். அவர் ஒவ்வொரு முறையும் ஏசுவார். "காரெல்லாம் குப்பை. உதறிப்போட்டு ஏறத் தெரியாதோ?" மலர் சிரித்துக்கொண்டு பட்டியைப் பூட்டுவார்.

அவர் இறங்கி, மறுபக்கக் கதவைத் திறந்து, முழந்தாளிட்டு, அந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெறும் மாத்திரைப் போத்தலொன்றில் போட்டு மூடினார். மயூரதி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் ஆள் ஆளாகப் போனார். போத்தலிலிருந்து நூலை உள்ளங்கையில் கொட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். இது உங்களுடையதா?

இரும்பை அடித்துத் தலைக்கவசம் செய்கிற டெனிஸ் நீல நூலைக் கண்டதும் தன் அங்கியைத் தூக்கி உட்பக்கத்தைக் காட்டினான். கவசம் உரசி உரசி அவனுடைய தோள்பட்டை புண்ணாகி இருந்ததாம். அவன் யாருக்கும் சொல்லவில்லையாம். அங்கியைத் திருத்தக் கொடுத்தபோது, கேளாமலே, அந்த இடத்தில் மட்டும் பஞ்சு வைத்து இரட்டைத் துணி தைத்திருந்தார் மலர்.

பச்சை நூல் ஒரு கிழவருடையது. அவருடைய கை நடுக்கத்துக்குப் பொத்தான் பூட்ட வராது. மலர் பொத்தான்களை அழகுக்கு வெளியே விட்டு, உள்ளே கொளுக்கி வைத்துக் கொடுத்தாராம். "நான் பொத்தான் பூட்டுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்" என்றார் கிழவர்.

காவி நூல் சமையற்கட்டில் நிற்கிற இலேனுடையது. நல்ல பருத்த மனுஷி. நூலை வாங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். அவரை உட்காரச் சொன்னாள்.

"நீதான் காருக்குள் இருக்கிற கணவனா?"

"ஓம்."

"இப்போது கண் எப்படி?"

அவர் விளங்காமல் பார்த்தார்.

இலேன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். போன வருடமும் சபையில் மலரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பட்டயம் ஆயத்தமாக இருந்தது. மலர் மண்டபத்தில் இல்லை. அதற்கு முன் வருடமும் அப்படித்தான். கையில் கொடுக்கிறதுதான் இங்கே முறை என்றபடியால், அடுத்த முறை பார்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் சபை. பொழுது சாய முதலே மலர் போய்விடுவார். களைப்பாக இருக்கிறது என்பார்.

"ஒருநாள் நான் விடவில்லை" என்றாள் இலேன். "இன்றைக்கு உனக்கு நல்ல செய்தி இருக்கிறது, நில் என்றேன். அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள், 'அவருக்கு இருட்டினால் பாதை தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் நான் களைத்துப்போகிறேன்.' சொல்லிவிட்டு ஓடிப்போனாள்."

பரராஜசிங்கம் எழும்பி வெளியே வந்தார். அவருடைய கண்ணில் புரை விழத் தொடங்கிக் கனகாலம். எதிரில் வருகிற வெளிச்சமெல்லாம் பூப் பூவாக விரியும். அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. மலருக்குக்கூட. நேரமாகுது, வா, என்று போனில் கத்துவார். சில நாட்களில் கத்த முதலே மலர் வந்து காரடியில் நிற்பார். என்ன கெதியா வந்திட்டாய் என்று கேட்டால், "களைச்சுப்போனன், இஞ்சேரப்பா. வீட்ட போவம்" என்பார்.

அவர் நேரே மயூரதியின் வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ, ரீச்சர்? பேர் கூப்பிட்டதும், அவ இல்லாமல் போனதும்?"

"தெரியும்."

"அந்தப் பட்டயம் ஆர் எழுதினது?"

"நான்."

"எங்க அது?"

அவள் உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து விரித்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. மயூரதியின் கை எழுதியது. ஒரு பிசகு இல்லை. ஓரத்தில் திராட்சைக் கொடி, கொடிக்குள் மான். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'ஊசி வேலையில் அவருக்குள்ள சிறந்த திறமைக்காக.'

"இது நான் முதல் எழுதின வசனம்தானே" என்றார்.

"ஓம். நீங்கள் எழுதினதேதான்." அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்ர உடுப்பும் அவதான் தைச்சுத் தந்தவ, அங்கிள். பக்கத்தில இருந்து கதைச்சிருக்கிறம். நானும் அவவைப் பாக்கேல்லை."

வெளியே யாரோ காய்ந்த இலைகளைக் கூட்டி அள்ளுகிற சத்தம் கேட்டது.

"மத்தியானத்திலயாவது குடுத்திருக்கலாமே" என்றார் அவர்.

"குடுத்திருக்கலாம். ஒருத்தரும் யோசிக்கேல்லை. அடுத்த முறை எண்டு நினைச்சம்."

"இதை வாங்கியிருந்தா அவ சந்தோசப்பட்டிருப்பா."

"ஓம். நல்லாச் சந்தோசப்பட்டிருப்பா."

அவர் எழும்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மயூரதியும் போன் எடுத்து விசாரிக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். ஒரு தாள் நிறைய எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"இதுதான் வாசகம். இதை மாத்தக் கூடாது."

அவள் வாசித்தாள். மலர் தைத்தது நான்கு வரியில் இருந்தது. மிச்சமெல்லாம் வேறு. மனைவியின் பெயரைச் சபை கூப்பிட்டபோது காருக்குள் இருந்து கத்திய கணவன். கண் தெரியாததை மறைத்த வீம்பன். நூல்துண்டுக்கு ஏசிய பாவி. கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்த கொடியவன். சபையார் முன் இதை வாசிக்க வேண்டும் என்று கீழே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை, ரீச்சர்? நான் வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கணவன் என்று வந்த வரிகளின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து மூடினாள். பக்கத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

"மிச்சத்தை வாசியுங்கோ."

அவர் வாசித்தார். கெதியில் முடிந்துவிட்டது.

"ரீச்சர், நான் செய்தது…"

"சொல்லியிருந்தா அண்டைக்கே இதைத்தான் எழுதியிருப்பியள்" என்றாள் மயூரதி. "இது ஆரின்ர பட்டயம், அங்கிள்?"

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அந்த நல்ல தாளை எடுங்கோ" என்றார்.

அவர் எழுதத் தொடங்கினார். பெயருக்கு வந்தபோது நிறுத்தி, பேனையைத் துடைத்து, மீண்டும் மையில் தோய்த்தார். அந்தப் பெயரை அவர் அந்தப் பேனையால் எழுதியது அதுதான் முதல் தடவை. 'பு' கொஞ்சம் சரிந்துவிட்டது. மயூரதி பார்த்தாள். ஓரத்துக்குக் கொடியும் பூவும் அவர் தீட்டவில்லை. மெல்லிய தூரிகையால் நூல்களை வரைந்தார். நீலம், பச்சை, காவி, சிவப்பு. ஒன்றோடொன்று சிக்கி, அங்குமிங்கும் தொங்கின. முதலெழுத்துக்குத் தங்கம் வைத்தார். குனிந்து, நீளமாக மூச்சு விட்டார்.

வாசகம் சின்னது.

'புனிதமலர். கிழிந்ததைத் தைத்தவர். எங்கே நோகிறது என்று கேளாமலே அறிந்து, அந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்தவர். கை நடுங்கியவரை நடுங்கியவர் என்று காட்டாதவர். பெயர் கூப்பிடும் நேரம் வருமுன் எழும்பிப் போனவர். ஏன் போகிறார் என்று சபைக்குச் சொல்லாதவர்.'

"பேர் கூப்பிட்டா ஆர் எழும்பிப் போறது, ரீச்சர்?"

"தெரியாது. கூப்பிட்டுப் பாப்பம்."

கார்த்திகை மாதத்துக் கூட்டம். தேவாலயமொன்றுக்குப் பின்னால் இருந்த வாடகை மண்டபம். சுவர்களில் சீலைக் கொடிகள் தொங்கின. பொழுது சாய்ந்தது. பரராஜசிங்கம் கடைசி வரிசை வாங்கில் மயூரதிக்குப் பக்கத்தில் இருந்தார். மயூரதியின் சொல்லைக் கேட்டு அவர் அப்போது கண் வைத்தியரிடம் நாள் எடுத்திருந்தார். அன்று அவளுடைய காரிலேயே வந்திருந்தார்.

கட்டியக்காரன் பெயரைக் கூப்பிட்டான். பழகாத நாக்கில் 'புனிதமலர்' உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் அந்தப் பெயர்தான்.

மண்டபம் அமைதியாக இருந்தது. முன்னே போகிற பாதை வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் எழும்பவில்லை. பரராஜசிங்கத்தால் எழும்ப முடியவில்லை. கட்டியக்காரன் இன்னொரு முறை கூப்பிட்டான்.

வாசகத்தை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். இரட்டைத் துணி என்று வந்த இடத்தில் டெனிஸ் தன் தோளைத் தொட்டான். பச்சை அங்கிக் கிழவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். கடைசி வரியை வாசித்தபோது, சமையற்கட்டு வாசலில் நின்ற இலேன் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வருடத்து ராணி கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் தாதி. அவள் ஆசனத்தை விட்டு எழும்பினாள். ராணி சபையில் இறங்கி வருகிற வழக்கம் இல்லை. அவள் இறங்கி, நீளப் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வெறும் பாதை முழுக்க நடந்து, கடைசி வாங்குக்கு வந்தாள். பட்டயத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். பரராஜசிங்கம் இருந்தபடியே வாங்கினார். அவள் அவருடைய தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தாள் அவருடைய மடியில் கிடந்தது. தங்கத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, அவருடைய கண்ணுக்குப் பூப் பூவாக விரிந்தது. அவர் தன் எழுத்தைத் தானே வாசித்தார். சரிந்துபோன அந்த முதலெழுத்தை விரலால் தடவினார்.

"அவ இதைப் பாக்கேல்லையே, ரீச்சர்."

மயூரதி அவருடைய பக்கம் திரும்பவில்லை. கட்டியக்காரன் அடுத்த பெயரைக் கூப்பிட்டிருந்தான். முன் வரிசையில் யாரோ ஒரு மனுஷி, தன்னைத்தானா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி எழும்பிக்கொண்டிருந்தாள்.

"ஆரோ ஒராள் எழும்புறா, அங்கிள்" என்றாள் மயூரதி. "பாருங்கோ."